கருவாயனுக்குப் பத்தியம்

என் அண்ணன் மனைவி செங்கமலத்துக்குப் பயப்படக் காரணம் என்று ஒன்று தேவையில்லை. கிடைத்துவிட்டால் வசதி, அவ்வளவுதான். மணமேல்குடிப் பக்கத்தில் பிறந்து வல்லத்திராக்கோட்டைக்கு வாழ வந்தவர். சின்ன வயதில் பிறந்த வீட்டுக் கூரையைப் புயல் அள்ளிக்கொண்டு போனதாம். இன்றைக்கும் தென்னை மட்டை கொஞ்சம் வேகமாக ஆடினால் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திவிடுவார். பஸ்ஸில் ஏறினால் சீட்டைத் தேடுவதற்கு முன்னால், டிரைவர் கண் விழித்திருக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பார். போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். நாத்தனார் என்ற உரிமையில் வேண்டிய மட்டும் கேலியும் செய்வேன். பக்கத்து வீடுதான். என் தையல் மெஷினை ஜன்னல் ஓரமாகப் போட்டிருக்கிறேன். அங்கே உட்கார்ந்தால் மதினி வீட்டு வாசலும் அடுப்படிக் கதவும் தெரியும். அவர் வீட்டில் எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது.

அண்ணன் குழந்தைசாமி வளைகுடாவில் சாரம் கட்டுகிற வேலையில் இருக்கிறார். பெரிய கட்டடத்தைச் சுற்றி இரும்புக் குழாய்களைப் பூட்டிப் பூட்டி மேலே கொண்டுபோக வேண்டும். பூட்டினதன் மேலேயே நின்று அடுத்ததைப் பூட்ட வேண்டும். அவர் அனுப்பிய போட்டோ ஒன்றைப் பார்த்துவிட்டு மதினி ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. அதிலிருந்து போட்டோ அனுப்புவதை அண்ணன் நிறுத்திவிட்டார். அனுப்பாததால் இப்போது எவ்வளவு உயரமோ என்று அதற்கும் ஒரு பயம்.

அண்ணன் ராசிக்கு ஏழரைச் சனி தொடங்கியதும் மதினி ஆலங்குடியில் ஒரு ஜோசியரைப் போய்ப் பார்த்தார். நானும் கூடப் போனேன். அவர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஒசரத்துல இருந்து கண்டம் இருக்கு" என்றார். என்ன வேலை என்று முதலிலேயே கேட்டுக்கொண்ட மனிதர் வேறு எதைச் சொல்வார். எனக்குச் சிரிப்பு வந்தது. மதினி முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். பரிகாரமும் சொன்னார். உடம்பில் ஒரு வெள்ளை முடிகூட இல்லாத கறுப்பு நாய்க்கு, ஏழரை முடிகிற வரைக்கும், தினமும் தன் கையால் சோறு போட வேண்டும். ஒரே நாயாக இருக்க வேண்டும். அது வயிறு நிறைந்து தானாக எழுந்து போனால் சனீஸ்வரனுக்குத் திருப்தி.

ஊரில் கறுப்பு நாய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒன்றுக்கு நெஞ்சில் வெள்ளை, ஒன்றுக்குக் கால் நுனியில் வெள்ளை. பஸ் ஸ்டாப் டீக்கடை வாசலில் கிடந்த கருவாயன் ஒருத்தன்தான் வாலிலிருந்து மூக்கு வரை ஒரே கறுப்பு. மதினி அவனுக்குப் பன் ரொட்டியைக் காட்டி வீடு வரை கூட்டி வந்தார். அன்றைக்கு அவன் விலா எலும்பை எண்ணிவிடலாம்.

அதே மாதத்தில்தான் அது நடந்தது. சாரத்தில் ஒரு பலகை நழுவியது. அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றவர் கீழே போய்விட்டார். இடுப்பு பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்த அண்ணனை இழுத்து மேலே ஏற்றினார்களாம். இதை அண்ணன் என்னிடம் மட்டும் சொன்னார். என்னால் வாயைக் கட்ட முடியவில்லை. கேட்டதும் மதினி அழவில்லை, கத்தவில்லை. எழுந்து போய் நல்லெண்ணெய் ஊற்றி இன்னொரு சட்டிச் சோறு பிசைந்து கருவாயன் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு அவன் தின்று முடிக்கும் வரை கைகட்டி நின்றார்.

அன்றிலிருந்து அது அண்ணனுடைய உயிருக்குப் போடுகிற சோறு. அதில் யாரும் குறுக்கே பேச முடியாது.

விஷயம் தெருவுக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டில் இருக்கிறார். ஒருவர் கப்பலில், ஒருவர் குவைத்தில் லாரி ஓட்டுகிறார், ஒருவர் சிங்கப்பூரில் வெல்டிங். பெல்ட்டில் தொங்கிப் பிழைத்த கதையைக் கேட்ட பெண்கள் ஒவ்வொருவராக இலையில் வைத்து ஏதாவது கொண்டுவர ஆரம்பித்தார்கள். தயிர்ச் சோறு, உளுந்து வடை, வெல்லம் போட்ட இட்லி, அவித்த முட்டை. சனிக்கிழமை ஆனால் மதினி வீட்டு வாசலில் ரேஷன் கடை மாதிரி நிற்பார்கள். கருவாயன் யாருக்கும் இல்லையென்று சொல்ல மாட்டான். ஒவ்வொருத்தியும் அவன் முகத்தையே பார்ப்பாள். அவன் ஒரு வாய் மிச்சம் வைத்தால் போச்சு, அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தாலும் யாருக்கும் சாப்பாடு இறங்காது.

ஐந்து வருடம் இப்படிப் போனது. கருவாயன் உருண்டு திரண்டு, கழுத்து எது வயிறு எது என்று தெரியாமல் ஆனான். குரைப்பதை விட்டுவிட்டான், அதற்கு மூச்சு வேண்டுமே. படுத்தால் எழுந்திருக்க முன்னங்காலை இரண்டு மூன்று தடவை ஊன்றிப் பார்ப்பான். இந்த மாசி மாதம் ஒருநாள் மதியம் வாசல் வேப்பமர நிழலில் கிடந்தவன், சோற்றுச் சட்டியை மதினி தட்டியும் எழவில்லை. நாக்கு தொங்க, வயிறு தூக்கிப் போட, இழுத்து இழுத்து மூச்சு விட்டான். மதினி போட்ட சத்தத்தில் நான் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன்.

லோடு ஆட்டோவில் படுக்கவைத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அபிராமி சின்னப் பெண், புதிதாக வந்திருந்தார். கருவாயன் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். விலாவை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"இதுக்கு என்னம்மா போடுறீங்க?"

"சோறுதாங்க" என்றார் மதினி.

"எவ்வளவு?"

மதினி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். "காலையில நல்லெண்ணெய் ஊத்திப் பெசஞ்சு ஒரு சட்டி. மத்தியானம் தயிர்ச் சோறு ஒரு சட்டி. சாயங்காலம் தெருவுல அவுங்கவுங்க கொண்டாரது. சனிக்கெழமைன்னா வடையைக் கழுத்துல மாலையாப் போடாத கொறைதாங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "நெஞ்சைச் சுத்திக் கொழுப்பு கட்டியிருக்கும்மா. இப்பவே மூச்சுக்குத் திண்டாடுது. இப்படியே போட்டீங்கன்னா இந்தச் சித்திரை வெயிலைத் தாண்டாது. சாப்பாட்டைக் கொறைச்சே ஆகணும்."

என்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். ஒரேயடியாகப் பட்டினி போடக் கூடாது. சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதியாக்கி, குறைத்த இடத்தில் வேகவைத்த பரங்கிக்காய், பீன்ஸ், கேரட் சேர்க்க வேண்டும். உப்பும் எண்ணெயும் கூடாது. தோல் எடுத்த கோழிக்கறி சில துண்டு, அல்லது ஒரு முட்டை. காலையும் மாலையும் டம்ளரில் அளந்து போட வேண்டும், இடையில் ஒரு பிஸ்கட்கூடக் கிடையாது. வெயில் தாழ்ந்ததும் முடிந்த தூரம் நடக்கவிட வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை எடை போட்டுத் தனக்குச் சொல்ல வேண்டும்.

திரும்பி வரும்போது மதினி ஆட்டோவில் கருவாயன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

"லச்சுமி, சோத்தைக் கொறைச்சா ஒங்க அண்ணனுக்கு ஆகாது. கொறைக்காம இது செத்துப் போச்சுன்னா அதைவிட ஆகாது. நான் எங்கிட்டுப் போவேன்?"

"வேற நாயைப் பாப்போம் மதினி."

"ஒரே நாயா இருக்கணும்னு சொன்னாருல்ல."

"அப்ப அளந்து போடுங்க. சனீஸ்வரன் என்ன, சட்டியை எட்டிப் பாக்கப் போறாரா?"

மதினி சட்டென்று என் வாயைப் பொத்தினார். எண்ணெய் வாடை வீசுகிற கை. அந்தக் கையில் இருந்த பயம் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது போலிருந்தது. எனக்கும் அவர் அண்ணன்தானே. அன்றைக்கு அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாளாக மதினி சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது மட்டும் ஜன்னல் வழியே தெரிந்தது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் பரங்கிக்காயை அரிந்து வேகவைத்துக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. அளந்த டம்ளரைத் தலைதட்டி, சோற்றோடு காயைப் பிசைந்து வைத்தார். கருவாயன் மோந்து பார்த்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தான். கல்யாண வீட்டில் பந்தி தவறிய சம்பந்தி அப்படித்தான் பார்ப்பார். பிறகு வேறு வழியில்லாமல் தின்றான். இவ்வளவு சீக்கிரம் மதினிக்குத் தைரியம் வந்ததே என்று எனக்கு ஆச்சரியம். வந்ததே போதும் என்று அதற்குமேல் கிளறவில்லை.

பெரிய பாடு சனிக்கிழமை வந்தது. குவைத்தில் லாரி ஓட்டுகிறவரின் மனைவி அழகிதான் முதல் ஆளாக வடையோடு நின்றாள். மதினி வாசற்படியை மறித்துக்கொண்டு, டாக்டர் சொன்னதைச் சொன்னார்.

"நல்லாருக்கே. ஒங்க வீட்டுக்காரரு பொழைச்சுக்கிட்டாரு, இனிமே நாய்க்குப் பத்தியமா?" என்றாள் அழகி. "எங்க வீட்டுக்காரரு மட்டும் என்ன பாவம் பண்ணாரு? அவரு மணலுக்குள்ள ராவும் பகலும் லாரி ஓட்டுறாரு மதினி."

பின்னால் நின்றவர்களும் முணுமுணுத்தார்கள். யாருக்கும் மதினி மேல் கோபமில்லை. ஒவ்வொருத்தி கண்ணிலும் ஒரு ஆள் நின்றார், கடலிலோ மணலிலோ உயரத்திலோ. நாய் செத்தால் எல்லாருக்கும் போச்சு என்று நான்தான் போட்டு உடைத்தேன். கடைசியில் பேசி முடிவானது இது: யாரும் சமைத்துக் கொண்டுவரக் கூடாது. வாரத்துக்கு ஒரு வீடு பரங்கிக்காயோ பீன்ஸோ வாங்கிக் கொடுத்தால், எல்லார் பேரையும் சொல்லி மதினியே வேகவைத்துப் போடுவார்.

"சனீஸ்வரன் பரங்கிக்காயை ஏத்துக்கிருவாரா?" என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள்.

"ஏத்துக்கிருவாரு" என்றார் மதினி. அத்தனை உறுதியாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

எடை போடுவதற்கு ஊரில் ஒரே இடம் சேவுகன் கடலைக் கடை. அவர் கடலை மூட்டை வாங்கி விற்கிறவர். தரையோடு தரையாகப் பெரிய எலக்ட்ரானிக் தராசு வைத்திருக்கிறார். கருவாயன் அந்தத் தகட்டின் மேல் தனியாக நிற்க மாட்டேன் என்றுவிட்டான். கால் வைத்தால் அது கொஞ்சம் அசையும், உடனே இறங்கிவிடுவான். மதினி ஏறிக் குந்தி உட்கார்ந்து கட்டிப் பிடித்தால்தான் நின்றான்.

"அதுக்கென்ன ஆத்தா" என்றார் சேவுகன். "சாக்கு எடையைக் கழிக்கிற மாதிரி கழிச்சுக்குவோம். நீங்க மொதல்ல தனியா நில்லுங்க."

மதினியைத் தனியாக ஒருமுறை நிறுத்திப் பார்த்துக்கொண்டார். பிறகு நாயோடு. அதிலிருந்து இதைக் கழித்து, இந்தாங்க ஒங்க நாய் என்று சொன்னார். அவர் கடையில் எல்லாமே அப்படித்தான். காலிச் சாக்கை ஒருதரம் எடை போட்டால் போதும். அப்புறம் எத்தனை மூட்டை வந்தாலும் அந்த எடையைக் கழித்துக்கொண்டே போவார்கள். சாக்கு கூடவா போகிறது, குறையவா போகிறது.

முதல் பதினைந்து நாளில் ஒன்றரைக் கிலோ இறங்கியிருந்தது. மதினி தராசிலேயே உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த முறை அதைவிட அதிகம். மூன்றாம் முறை சேவுகனே எழுந்து வந்து பார்த்தார். "ஆத்தா, இது நல்லா எறங்குதே. எங்க வீட்டுக்காரிக்கும் அந்தப் பரங்கிக்காயைக் குடுக்கலாம் போலருக்கு" என்றார். தெருவில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசினார், நன்றாக இருக்கிறேன் என்றார். எல்லாம் சரியாக நடக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

டாக்டர் அபிராமிக்கு மட்டும் ஒரு சந்தேகம். எடையைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவர், கருவாயன் விலாவில் விரலை ஓட்டிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "இவ்வளவு கொறைஞ்சிருந்தா எலும்பு கைக்குத் தட்டுப்படணுமே. மூச்சும் அப்படியேதானே வாங்குது?" என்றார். பங்குனி முடியப் போகிறது, வெயில் ஏறிவிட்டது, நிழலிலேயே வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வரும் வழியில் மதினி இரண்டு முறை நின்று கல் மேல் உட்கார்ந்தார். வெயில் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மதியம் மதினி நாலு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து என் மெஷின் மேல் வைத்தார். "தொளதொளங்குது லச்சுமி. வெளுத்து வெளுத்து லூசாயிருச்சு. கொஞ்சம் பிடிச்சுக் குடு" என்றார். வேலை இருக்கிறது என்று உடனே போய்விட்டார்.

நாலும் நான் பொங்கலுக்குத் தைத்துக் கொடுத்தவை. முதல் ஜாக்கெட்டை எடுத்து அவர் குண்டூசி குத்தியிருந்த இடத்தில் மடித்துத் தையல் போட ஆரம்பித்தேன். பாதித் தையலில் கால் நின்றது. துணி வெளுத்தால் சுருங்கும். எந்த ஊரிலும் லூசாகாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் சேர்த்து நாலு விரல் அளவுக்கு மடிப்பு வந்திருந்தது. நாலு விரல் உடம்பு எங்கே போனது?

அப்போதுதான் சேவுகன் தராசு ஞாபகத்துக்கு வந்தது. மாசியில் ஒருமுறை எடை போட்ட மதினியைத்தான் மூன்று முறையும் கழித்தோம். தராசில் இறங்கினது கருவாயன் இல்லை.

கையில் இருந்த கத்தரிக்கோலைக்கூட வைக்காமல் ஓடினேன். மதினி சர்க்கரைக்காரர். காலையிலும் இராத்திரியிலும் மாத்திரை போடுகிறவர். சாப்பிடாமல் மாத்திரை போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும் என்று மாத்திரை கொடுக்கிற நர்ஸ் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றது நான்தான்.

அடுப்படியில் மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பரங்கிக்காய் பாதி அரிந்தபடி கிடந்தது. தலையில் தண்ணீர் ஊற்றினது போல வேர்த்து, புடவையெல்லாம் நனைந்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது. அதில் நான் தெரியவில்லை. கருவாயன் பக்கத்தில் உட்கார்ந்து உருண்டு விழுந்த பரங்கித் துண்டுகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு அவன் பாடு.

"மதினி."

"போன் வந்துச்சா?" என்றார். நாக்கு குழறியது. "விழுந்துட்டாரா?"

டப்பாவைக் கவிழ்த்துச் சர்க்கரையை அள்ளி அவர் உதட்டுக்குள்ளும் கன்னத்துக்குள்ளும் திணித்தேன். சப்புகிறார் என்று தெரிந்ததும் தண்ணீரில் கரைத்து வாய் வாயாகக் கொடுத்தேன். பாதி கழுத்தில் வழிந்தது. இறங்குகிறதா இல்லையா என்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைசியில் என் கையைப் பிடித்து, "லச்சுமி, ஏன் கத்திரிக்கோலோட உக்காந்திருக்க?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அழகி ஆட்டோவைக் கூட்டி வந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் நினைவு திரும்பியிருக்காது என்றார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். அங்கே இருந்த தராசில் மதினியைத் தனியாக நிறுத்தினார்கள். நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். கருவாயனுக்கு இறங்கிவிட்டது என்று நாங்கள் கொண்டாடிய எடையில் முக்கால்வாசி மதினியுடையது.

சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், விரதம் கிரதம் என்று எதுவும் கூடாது என்று நர்ஸ் கண்டித்துச் சொன்னார். மதினியைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, தட்டில் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றிக் கொண்டுபோனேன். வாங்க மறுத்தார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"அதுக்குப் பத்தியம் ஆரம்பிச்ச அன்னையிலருந்து." குற்றம் செய்தவர் மாதிரி இல்லாமல் சாதாரணமாகச் சொன்னார். "அதுக்கு எவ்வளவு கொறைக்கிறேனோ, அவ்வளவையும் நான் தட்டுல இருந்து எடுத்து வச்சுருவேன். அந்தச் சோத்தைக் காக்காய்க்கு வச்சுருவேன். வீணாக்கலை."

"எதுக்கு மதினி?"

"அது வயித்தைக் கொறைச்சேன்ல லச்சுமி. சனீஸ்வரன் வந்து கேட்டா, எந்த வயித்தைக் காமிப்பேன்? என் வயித்தையாச்சும் காமிக்கணும்ல. பாருங்க சாமி, ஒங்க நாயை மட்டும் பட்டினி போடலை, நானும் கெடந்தேன்னு."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை நாலு வார்த்தை திட்டியிருக்க வேண்டும். தராசில் இறங்கினது பெரும்பாலும் கருவாயன் இல்லை, அவர்தான் என்று மட்டும் சொன்னேன். ஆறு வாரமாக ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, மதினிக்குத் தைரியம் வந்துவிட்டது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இப்ப அதுக்கு எடையே எறங்கலைங்கிற" என்றார் மதினி. "சித்திரை பொறக்கப் போகுது. இன்னும் கொறைச்சாகணும். நான் இப்பச் சாப்பிட ஆரம்பிச்சா, அது கொறையிறதுக்கு யாரு பதில் சொல்றது? அவரு அங்க மேல நிக்கிறாரு லச்சுமி. என் உசுரு போனாப் போகட்டும். எனக்குச் சோறு வேணாம்."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன், நர்ஸ் சொன்னதைச் சொன்னேன், திருப்பூரில் இருக்கிற மகள் இலக்கியாவைச் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினாரே தவிர தட்டைத் தொடவில்லை. ரசம் ஊற்றின சோறு ஆறிக்கொண்டிருந்தது. இராத்திரி மாத்திரை போடுகிற நேரம் வரும். போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

"சரி மதினி. அந்தப் பட்டினியை இனிமே நான் எடுத்துக்கிறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் கூடப் பொறந்தவ. ஒங்களைவிட எனக்குத்தான் ரத்தச் சொந்தம். எனக்குச் சர்க்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கருவாயன் எளைக்கிற வரைக்கும் ராத்திரிச் சோறு எனக்கு வேணாம். சனீஸ்வரன் கேட்டா என் வயித்தைக் காமிங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கேலி எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினார் போலிருந்தது. பிறகு தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். முதல் வாய் இறங்கக் கஷ்டப்பட்டார். அப்புறம் பசி தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். போட்டேன். கருவாயனுக்கும் நானே டம்ளரில் அளந்து வைத்தேன். அவன் தின்றுவிட்டு, சட்டி காலியானதும் சட்டியை மூக்கால் தள்ளிக்கொண்டே முற்றம் முழுக்கச் சுற்றினான்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவினேன். என் வீட்டுக்காரர் சிவசாமிக்கு டவுனில் வேலை, கடைசி பஸ்ஸில்தான் வருவார். எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு சத்தியத்தைச் சொல்லி ஒரு தட்டுச் சோற்றை உள்ளே இறக்கிவிட்டோம், பொய்ச் சத்தியம்தான், போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாததால் வயிறு ஒட்டியிருந்தது. சோற்றைப் போட்டு, கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அது ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் பேசுகிற நாள். பொழுது சாய்வதற்குள் கூப்பிட்டுவிடுவார். தெரு விளக்கு எரிந்து வெகுநேரமாகியும் போன் வரவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

கையைச் சோற்றில் வைத்தேன். வைத்த கை அங்கேயே நின்றது. ஓவர் டைமாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். சார்ஜ் இல்லாமல் இருக்கும் என்றும் சொல்லிப் பார்த்தேன். நாய்க்கும் சாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று, ஐந்து வருடமாக மதினியைக் கேட்ட அதே கேள்வியை என்னையே கேட்டேன். பதில் தெரியும். தெரிந்தும் கை எழவில்லை. ஒரு வாய்தான், அதைத் தின்றுவிட்டால் முடிந்தது. அந்த ஒரு வாயைத் தின்கிற நேரத்தில் அங்கே ஒரு பலகை நழுவினால்? குழம்பு விரலில் காய்ந்துகொண்டிருந்தது. போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

போன் அடித்ததும் எடுக்கப் பயமாக இருந்தது. அப்படி எனக்கு இருந்ததே இல்லை.

"லச்சுமி" என்றார் அண்ணன். குரலில் களைப்பு தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தார். கிரேன் நின்றுபோய் வேலை முடிய நேரமாகிவிட்டதாம். "ஒங்க மதினி போனை எடுக்கலையே?"

"அசந்து தூங்குறாங்கண்ணே. வெயிலு."

"சாப்பிட்டாளா?"

"ரெண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டாங்க."

"நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேண்ணே."

போனை வைத்துவிட்டு, தட்டில் இருந்த சோற்றை வழித்து எடுத்துப் போய்க் கழுநீர்த் தொட்டியில் கொட்டினேன். வீட்டுக்காரருக்கு எடுத்துவைத்துவிட்டு, பானையில் மிச்சமிருந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தேன்.